கல்லீரல் செல்லுக்குத் துணைச் செல்: கோ-கல்ச்சர் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உறைய வைத்த மனிதக் கல்லீரல் செல்லை முதன்முறையாகக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்கான குறிப்பு இது. கல்லீரல் செல்லோடு துணைக்கு இன்னொரு வகைச் செல்லையும் ஒரே பிளேட்டில் சேர்த்து வளர்ப்பதுதான் கோ-கல்ச்சர். ஹூட்டில் உட்கார்ந்து பழகியிருக்கிறீர்கள், டிரிப்சின் போட்டுச் செல் எடுக்கவும் எண்ணவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாதென்றால் சில வாரம் ஹெப்ஜி2 போன்ற மலிவான செல் வரிசையில் கை பழகிவிட்டு வாருங்கள். கல்லீரல் செல் பிளேட்டில் பெருகாது. குப்பியில் வந்ததுதான் கையிருப்பு. வீணானால் இன்னொரு குப்பி வாங்க வேண்டும், அதன் விலையைச் சொன்னால் உங்கள் ஆய்வு வழிகாட்டியின் முகம் மாறும்.

எதற்காகத் துணை

கல்லீரலின் இரத்தக்குழாய் வழியாகக் கொலாஜனேஸ் நொதியைச் செலுத்திச் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறையை 1969இல் பெர்ரியும் ஃப்ரெண்டும் எலியில் செய்து காட்டினார்கள். 1970களில் செக்லென் அதை இரண்டு கட்டமாகச் சீராக்கினார்: முதலில் கால்சியம் இல்லாத கரைசல், அப்புறம் கால்சியத்தோடு கொலாஜனேஸ். இன்றும் பெரும்பாலோர் செய்வது அதுதான். ஆக, செல் கிடைப்பது அன்றே தீர்ந்துபோன சிக்கல். கிடைத்த செல்லை அதன் வேலையோடு வைத்திருப்பதில்தான் பாடு.

கொலாஜன் பூசிய பிளேட்டில் தனியாக விட்டால் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். பலகோண வடிவம், நடுவில் உருண்டையான கரு, சிலவற்றில் இரண்டு கரு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பளிச்சென்ற எல்லைக்கோடு. இரண்டு மூன்று நாளில் செல் தட்டையாகிப் பரவத் தொடங்கும். ஒரு வாரத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) மாதிரி நீண்டுவிடும், அல்லது கழன்று மிதக்கும். ஆனால் தோற்றம் கெடும் முன்பே வேலை கெட்டுவிடுகிறது. மருந்துகளை மாற்றும் சைட்டோகுரோம் நொதிகளின் அளவு முதல் ஓரிரு நாளிலேயே சரிகிறது. எச்என்எஃப்4-ஆல்ஃபா போன்ற, கல்லீரல் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் குறைகின்றன. அதனால், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் புளூ சாயம் போட்டு "95 சதவீதம் உயிரோடு இருக்கிறது" என்று எழுதுவதில் பெரிய பொருள் இல்லை. அந்தச் செல் இன்னும் கல்லீரல் செல்லாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை வைத்தே பாருங்கள்.

பிரான்சின் ரென் நகரில் கிறிஸ்டியான் குகென்-கியூசோவின் குழு 1983இல் வெளியிட்ட வேலை இதில் ஒரு திருப்பம். எலியின் கல்லீரல் செல்லோடு, கல்லீரலிலிருந்தே எடுத்த வேறொரு எபிதீலியச் செல்லைச் சேர்த்து வளர்த்தபோது, கல்லீரல் செல் உருவாக்கும் புரதமான ஆல்புமினின் சுரப்பு வாரக்கணக்கில் நிலைத்தது. பின்னர் வந்தவர்கள் துணைக்கு வேறு வேறு செல்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், துணைச் செல் கல்லீரலிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. அதே உயிரினத்திலிருந்து வர வேண்டும் என்றும் இல்லை. சுண்டெலிக் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட் மனிதக் கல்லீரல் செல்லைத் தாங்குகிறது.

எந்தத் துணைச் செல்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 3டி3-ஜே2 எடுத்துக்கொள்ளுங்கள். 3டி3 என்பது 1963இல் டொடாரோவும் ஹோவர்டு கிரீனும் சுண்டெலிக் கருவிலிருந்து உருவாக்கிய செல் வரிசை. மூன்று நாளுக்கு ஒருமுறை, தட்டுக்கு மூன்று லட்சம் செல் என்று மாற்றி வளர்த்ததால் அந்தப் பெயர். அதன் ஜே2 கிளையை கிரீனின் ஆய்வகம் தோல் செல் வளர்ப்புக்குத் துணையாகப் பயன்படுத்திவந்தது. கல்லீரல்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். 2004இல் சல்மான் கேதானியும் சங்கீதா பாட்டியாவும் தம் குழுவினரோடு, எலிக் கல்லீரல் செல்லுக்கு வெவ்வேறு ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் துணையாக வைத்து ஒப்பிட்டதில் ஜே2 முன்னால் நின்றது, என்ஐஎச்-3டி3 இடையில், சுண்டெலிக் கருவிலிருந்து நேரடியாக எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் கடைசியில். ஆகவே "3டி3 தானே, எதுவானால் என்ன" என்று அலமாரியில் இருப்பதை எடுக்காதீர்கள். ஜே2 கிடைக்கவே இல்லையென்றால் என்ஐஎச்-3டி3 வைத்துத் தொடங்கலாம், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

கல்லீரலின் சொந்தத் துணைச் செல்களையே போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முதல் சோதனைக்கு வேண்டாம். நட்சத்திரச் செல் கெட்டியான பிளாஸ்டிக்கில் உட்கார்ந்ததும் வடு உண்டாக்கும் செல்லாக மாறத் தொடங்கும். கல்லீரல் நுண்குழாய்ச் செல் தன் துளைகளை ஓரிரு நாளில் இழக்கும். கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்லான குஃப்பர் செல் தூண்டப்பட்டால் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரந்து சைட்டோகுரோம் அளவைக் கீழே இறக்கும். அழற்சி பற்றி ஆராய்கிறவருக்கு அது வேண்டும், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சுண்டெலிச் செல்லில் இன்னொரு வசதியும் உண்டு. கருவுக்குச் சாயம் போட்டுப் பார்த்தால் சுண்டெலிக் கருவில் பளிச்சென்ற புள்ளிகள் பல தெரியும். மனிதக் கரு ஏறக்குறைய சீராகத் தெரியும். எது யாருடைய செல் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். மனித ஆல்புமினை மட்டும் பிடித்து அளவு காட்டும் எலைசா சோதனைப் பெட்டி வாங்கினால் குழப்பமே இல்லை, ஃபைப்ரோபிளாஸ்ட் ஆல்புமின் சுரக்காது.

ஒரு வாரம் முன்பு: துணைச் செல்லைத் தயார் செய்தல்

3டி3-ஜே2வை டிஎம்இஎம் மீடியத்தில் 10 சதவீதம் கன்றுக்குட்டி சீரம் சேர்த்து வளர்க்கிறார்கள். கருக்கன்று சீரம் அல்ல, கன்றுக்குட்டி சீரம். 3டி3 வகைகள் நெருங்கியதும் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும் குணமுடையவை, நமக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். மீண்டும் மீண்டும் அடர்த்தியாக நிறையவிட்டு வளர்த்தால், நெருங்கியும் நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் செல்கள் மட்டும் தேர்ந்து வந்துவிடும். குடுவை 70, 80 சதவீதம் நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். பலமுறை பிரித்து வளர்த்த, அதாவது பழைய பாசேஜ் செல்லை வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். தொடக்கத்திலேயே நிறையக் குப்பிகள் உறைய வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் இளம் பாசேஜிலிருந்து எடுங்கள். கல்ச்சரில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று சோதிக்காத ஃபைப்ரோபிளாஸ்ட் கல்லீரல் செல்லின் பக்கத்திலேயே போகக்கூடாது.

பெருக்கத்தை நிறுத்த மைட்டோமைசின்-சி போட வேண்டுமா? ஒரு மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் வீதம் 2, 3 மணி நேரம் வைத்துக் கழுவுவது வழக்கம். ஆனால் அது மரபணுவைச் சிதைக்கும் மருந்து. சரியாகக் கழுவாவிட்டால் மிச்சமிருப்பது கல்லீரல் செல்லையும் தாக்கும், கையுறை இல்லாமல் தொட்டால் உங்களையும்தான். ஜே2 தானாகவே நிற்கும் குணமுள்ளது என்பதால் முதல் முறை அது இல்லாமலே செய்யுங்கள். செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

24 வெல் (குழி) பிளேட் ஒன்றுக்குத் திட்டம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 12 வெல்லில் இரண்டு செல்லும், 6 வெல்லில் கல்லீரல் செல் மட்டும், 6 வெல்லில் ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும். இந்தக் கடைசிப் பன்னிரண்டைத்தான் செலவு மிச்சம் என்று ஆட்கள் வெட்டிவிடுகிறார்கள். தனிக் கல்லீரல் செல் வெல் இல்லாவிட்டால், துணைச் செல்லால்தான் வேலை நிலைத்ததா, அந்தக் குப்பியே நல்ல குப்பியா என்று சொல்ல முடியாது.

கல்லீரல் செல்லைத் தேர்ந்து வாங்குதல்

விற்பனையாளரிடம் "பிளேட்டபிள்" என்று சான்றளித்த லாட் கேளுங்கள். உறைய வைத்த கல்லீரல் செல்லில் ஒரு பகுதி மிதந்த நிலையில் சில மணி நேரச் சோதனைக்கு மட்டுமே உதவும், பிளேட்டில் ஒட்டாது. ஒவ்வொரு லாட்டும் ஒரு மனிதரின் கல்லீரல். ஒருவருக்குச் சிப் 3ஏ4 (மருந்தை மாற்றும் ஒரு சைட்டோகுரோம் நொதி) மிக அதிகமாக இருக்கும், இன்னொருவருக்கு மிகக் குறைவாக. ஒரு லாட்டில் முறை ஓடியதென்றால் அதே லாட்டில் இன்னும் சில குப்பி பதிவு செய்துவையுங்கள். திரவ நைட்ரஜனில்தான் வைக்க வேண்டும். மைனஸ் 80 பெட்டியில் சில நாள் வைத்தாலே போயிற்று.

மனிதச் செல் என்பதால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும், உயிர்ப்பாதுகாப்பு இரண்டாம் நிலை வசதியும் தேவை. தாளில் "சோதித்தது, தொற்று இல்லை" என்றிருந்தாலும் தொற்று உள்ளது போலவே கையாளுங்கள்.

முதல் நாள்

காலையில் கொலாஜன். எலிவால் கொலாஜன்-1ஐ 0.02 நார்மல் அசெட்டிக் அமிலத்தில் மி.லி.க்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரும்படி நீர்த்து, வெல்லுக்கு 0.3 மி.லி. ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ் உப்புக் கரைசல் விட்டு இரண்டு மூன்று முறை கழுவுங்கள். அமிலம் மிஞ்சினால் செல் ஒட்டாது. ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும் இருக்கப்போகும் வெல்லுக்கும் கொலாஜன் பூச வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடு கோணலாகும்.

மீடியத்தைப் பொறுத்தவரை பாட்டியா ஆய்வகம் பயன்படுத்திய கலவை எளிமையானது: குளுக்கோஸ் அதிகமுள்ள டிஎம்இஎம், 10 சதவீதம் கருக்கன்று சீரம், மி.லி.க்கு இன்சுலின் 0.5 யூனிட், குளுக்ககான் 7 நானோகிராம், ஹைட்ரோகார்ட்டிசோன் 7.5 மைக்ரோகிராம், பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின். வில்லியம்ஸ்-இ மீடியத்தில் டெக்ஸாமெத்தசோன், இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் சேர்த்து வளர்ப்பவர்களும் நிறைய. எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள்.

இனி குப்பி. தண்ணீர்த் தொட்டி 37 டிகிரி, மீடியம் சூடாகத் தயார், ஹூட்டில் எல்லாம் எட்டும் தூரத்தில் என்று உறுதி செய்த பிறகுதான் நைட்ரஜன் தொட்டியைத் திறக்க வேண்டும். 90 முதல் 120 வினாடி, உள்ளே சிறு பனித்துண்டு மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். உருகியபின் உறைகாப்பு மருந்தான டிஎம்எஸ்ஓவில் செல் ஊறிக் கிடக்கக்கூடாது. குப்பியைச் சூடான கரைப்பு மீடியத்தில் கவிழ்த்து ஊற்றி, 50 முதல் 100 ஜி வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். எவ்வளவு நேரம், செத்த செல்லைப் பிரிக்க உதவும் பெர்கால் கரைசல் சேர்க்க வேண்டுமா என்பதை லாட்டோடு வந்த தாள் சொல்லும், அதை மீறாதீர்கள். மற்ற செல்லுக்கு வைக்கும் 200, 300 ஜி இங்கே ஆகாது. கல்லீரல் செல் பெரியது, 20 முதல் 30 மைக்ரோமீட்டர், குறைந்த வேகத்திலேயே அடியில் இறங்கிவிடும். செத்த செல்லும் துகளும் மேலே தங்கும் என்பது கூடுதல் லாபம்.

அடியில் படிந்த செல்லைப் பிப்பெட்டால் அடித்துக் கலக்காதீர்கள். கொஞ்சம் மீடியம் விட்டு, குழாயைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் தானே கலையும். வார்டெக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். வாய் அகன்ற முனையோ 10 மி.லி. பிப்பெட்டோ பயன்படுத்துங்கள். டிரிப்பான் புளூவில் 80 சதவீதத்துக்குக் கீழே உயிர்ப்பு இருந்தால் அந்தக் குப்பியை வைத்து முக்கியச் சோதனை செய்ய வேண்டாம்.

மி.லி.க்கு 4 லட்சம் உயிருள்ள செல் வருமாறு சரிசெய்து, வெல்லுக்கு 0.5 மி.லி. போட்டால் 2 லட்சம் ஆகிறது. 18 வெல்லுக்கு 36 லட்சம். 2 லட்சம் என்பது ஒரு வெல்லின் அடியை முழுக்க நிரப்பும் அளவல்ல, ஏறக்குறைய பாதி. வேண்டுமென்றே இடம் விடுகிறோம், துணைச் செல் உட்கார வேண்டுமே.

போட்டதும் பிளேட்டை முன்-பின், பிறகு இடம்-வலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். வட்டமாகச் சுற்றினால் செல்லெல்லாம் நடுவில் குவிந்துவிடும். புதிதாக வருகிறவர் செய்த பிளேட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம், ஒவ்வொரு வெல்லிலும் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். இன்குபேட்டரில் முதல் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

2 முதல் 4 மணி நேரத்தில் ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும். மெதுவாக ஆட்டி, மிதப்பதை உறிஞ்சி எடுத்து, புது மீடியம் விடுங்கள். இந்தக் கழுவலை அவசரமாக முடித்துவிடாதீர்கள். மேலே கிடக்கும் செத்த செல்கள் உடைந்து நொதிகளைக் கசியவிடும், துணைச் செல் உட்காரும் இடத்தையும் அடைக்கும்.

இரண்டாம் நாள்: துணைச் செல்

கல்லீரல் செல் முதலில், துணைச் செல் அடுத்த நாள். இந்த வரிசையை மாற்றக்கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து போட்டால் வேகமாக ஒட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்லீரல் செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவும் பித்த நுண்குழாய் அமைக்கவும் ஓரிரவு தனியாக இருக்க வேண்டும். 18 முதல் 24 மணி நேரம் கழித்து, டிரிப்சினால் எடுத்த ஜே2வைக் கல்லீரல் மீடியத்தில் கலந்து வெல்லுக்கு 1.5 லட்சம் போடுங்கள். முதலில் சென்ட்ரிஃபியூஜ் செய்து டிரிப்சினை முழுக்க நீக்க வேண்டும். 18 வெல்லுக்கு 27 லட்சம் என்பதால் டி-75 குடுவை இரண்டு தயாராக இருக்கட்டும். கல்லீரல் செல்லுக்கும் துணைச் செல்லுக்குமான விகிதம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். உங்கள் லாட்டுக்கு எது சரி என்பதைச் சிறிய சோதனை செய்து கண்டுபிடிப்பது நல்லது.

துணைச் செல்லைச் சேர்க்காமல், அது வளர்ந்த மீடியத்தை மட்டும் எடுத்து ஊற்றினால் போதாதா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 2007இல் எலியட் ஹுய்யும் பாட்டியாவும் இதற்கு அழகான பதில் சொன்னார்கள். சிலிக்கானில் இரண்டு சீப்பு செய்து, ஒன்றில் கல்லீரல் செல், இன்னொன்றில் ஃபைப்ரோபிளாஸ்ட், வேண்டும்போது பொருத்தி வேண்டும்போது விலக்கும்படி வைத்தார்கள். தெரிந்தது இது: முதலில் சில மணி நேரம் நேரடித் தொடுதல் வேண்டும், அதன் பிறகு தொடாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் துணைச் செல் 400 மைக்ரோமீட்டருக்குள் இருந்தபடி எதையோ தொடர்ந்து சுரந்துகொண்டிருக்க வேண்டும். அதாவது மீடியம் மட்டும் போதாது. வெல்லுக்குள் தொங்கும் இன்செர்ட்டில் துணைச் செல்லை வைப்பதும் சரிவராது. அதில் முதல் தொடுதலே நடப்பதில்லை, இடைவெளியும் ஏறக்குறைய 1 மி.மீ. வந்துவிடும்.

அதன் பிறகு தினமும்

24 வெல்லில் 0.5 மி.லி. என்பது ஏறக்குறைய இரண்டரை மி.மீ. உயரம். "நாளை ஞாயிறு, வர முடியாது" என்று 1 மி.லி. ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். கல்லீரல் செல் ஆக்சிஜனை அதிகம் இழுக்கும். மீடியம் உயரமானால் மேற்பரப்பிலிருந்து அடிவரை ஆக்சிஜன் வந்து சேராது.

நாளுக்கொரு முறை அல்லது இரண்டு நாளுக்கொரு முறை மீடியம் மாற்றுங்கள், எதுவானாலும் ஒரே இடைவெளியில். எடுத்த மீடியத்தைக் கொட்டாதீர்கள். தேதி, வெல் எண் எழுதி மைனஸ் 20இல் வையுங்கள், ஆல்புமினும் யூரியாவும் அதில்தான் இருக்கின்றன. முதல் சில நாள் எண்கள் தாழ்வாக வந்தால் பதறாதீர்கள். கோ-கல்ச்சரில் ஆல்புமின் முதல் வாரத்தில் ஏறி, அதன் பிறகு நிலைக்கும். மருந்து ஏதும் சோதிப்பதென்றால் அந்த நிலைக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

எதை அளப்பது

ஆல்புமின், யூரியா, சைட்டோகுரோம் மூன்றும் வேண்டும். ஆல்புமின் புரதம் உருவாக்கும் திறனைக் காட்டுகிறது, யூரியா அம்மோனியாவைக் கையாளும் திறனை, சிப் 3ஏ4 மருந்தை மாற்றும் திறனை. ஆல்புமின் நன்றாக இருந்து சிப் 3ஏ4 படுத்துக் கிடக்கும் கல்ச்சர்கள் உண்டு. மருந்துச் சோதனை செய்கிறவருக்கு அந்தப் பிளேட்டால் பயனில்லை. கல்லீரலில் சிப் 3ஏ4ஐ உயர்த்தும் ரிஃபாம்பிசின் மருந்தைக் கொடுத்துத் தூண்டிப் பாருங்கள். அளவு உயர்ந்தால், செல் இன்னும் கல்லீரல் போல் பதில் சொல்கிறது என்று பொருள். எல்லா எண்ணையும் போட்ட கல்லீரல் செல் எண்ணிக்கைக்கு ஈடாகக் கணக்கிடுங்கள். மொத்தப் புரத அளவுக்கு ஈடாகக் கணக்கிட்டால், நாள் ஆக ஆக ஃபைப்ரோபிளாஸ்ட் புரதம் கூடி உங்கள் கல்லீரல் செல் தேய்வது போலத் தெரியும்.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியது கல்லீரல் செல்களின் நடுவே ஓடும் பளிச்சென்ற கோடுகள், அவைதான் பித்த நுண்குழாய்கள். இரண்டாம் வாரத்திலும் அவை தெரிந்தால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போகலாம்.

கோளாறு வந்தால்

கல்லீரல் செல்லே ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் லாட் அல்லது கரைப்புப் படியில்தான் குறை. ஒட்டி, இரண்டாம் நாளில் கழன்றால் கொலாஜன். ஃபைப்ரோபிளாஸ்ட் மேடு மேடாக ஏறினால் பாசேஜ் பழசு, அல்லது எண்ணிக்கை அதிகம். மீடியம் ஒரே நாளில் மஞ்சளானால் அதுவும் துணைச் செல் பெருக்கத்தின் அறிகுறி. தொற்று இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மருந்து சேர்த்ததும் ஆல்புமின் சரிந்தால் உடனே "கல்லீரலுக்கு நஞ்சு" என்று எழுதிவிடாதீர்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும் உள்ள வெல்லைப் பாருங்கள். துணைச் செல் முதலில் செத்து, ஆதரவு போனதால் கல்லீரல் செல் தளர்ந்திருக்கலாம்.

இன்னும் ஒரு படி மேலே

இந்தச் சாதாரணக் கோ-கல்ச்சர் கைவந்த பிறகு வடிவமைத்த கோ-கல்ச்சருக்குப் போகலாம். 2008இல் கேதானியும் பாட்டியாவும் மனிதச் செல்லில் காட்டியது அது: 500 மைக்ரோமீட்டர் அகலமுள்ள வட்டத் தீவுகளாகக் கொலாஜன், மையத்துக்கு மையம் 1200 மைக்ரோமீட்டர். கல்லீரல் செல் தீவுகளில் மட்டும் ஒட்டும், சுற்றிலும் ஃபைப்ரோபிளாஸ்ட் நிரம்பும். வேலை வாரக்கணக்கில் நிலைக்கிறது, வெல்லுக்கு வேண்டிய கல்லீரல் செல்லும் குறைகிறது. அந்தக் கூடுதல் வாரங்கள் எதற்கு என்று கேட்டால் ஃபியாலூரிடின் கதையைச் சொல்ல வேண்டும். 1993இல் அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ்-பி மருந்தாக அதைச் சோதித்த 15 பேரில் 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்து 5 பேர் இறந்தார்கள், இருவர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். விலங்குச் சோதனைகள் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. நஞ்சு வெளிப்பட்டதும் வாரங்கள் கழித்துத்தான். ஐந்து நாளில் மறையும் கல்ச்சரில் அப்படிப்பட்ட நஞ்சைத் தேட முடியாது. நம் ஊர்களில் பரவலாக உள்ள விவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் வாரக்கணக்கில் உறங்கிக் கிடப்பதை ஆராயவும் இதே நீண்ட ஆயுள்தான் தேவை. 2013இல் பாட்டியா குழு இந்த அமைப்பில் ஃபால்சிபாரம், விவாக்ஸ் இரண்டின் கல்லீரல் கட்டங்களையும் வளர்த்துக் காட்டியது.

தீவு அச்சிட ஃபோட்டோலித்தோகிராஃபியும் (ஒளியால் நுண்வடிவம் பொறிக்கும் முறை) சிலிகோன் அச்சும் வேண்டும். அந்த வசதி உள்ள பொறியியல் துறையோடு பேசிவையுங்கள், அல்லது அச்சிட்ட பிளேட்டாகவே வாங்குங்கள். அதற்குள் உங்கள் சாதாரணப் பிளேட்டின் பதிவேட்டில் கல்லீரல் லாட் எண், ஃபைப்ரோபிளாஸ்ட் பாசேஜ், சீரம் லாட், கொலாஜன் தேதி நான்கும் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்க வேண்டும். எண்கள் திடீரென மாறும் நாளில் காரணத்தை முதலில் அந்த நான்கில் தேடுங்கள்.